இருநூற்றுப் பதினேழாம் மருந்து

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதறது.

நான் கல்லு மாதிரி இருக்கேன், என்னைப் பத்திக் கவலைப்படாதே. உன் முதுகு வலி எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடறியா, இல்ல அந்த மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சுக்கிட்டே பட்டினி கிடக்கறியா?

ஞாயித்துக்கிழமை போன்ல "இங்க எல்லாம் சௌகரியம்"னு சொன்னேன் பாரு, அது பொய். போன் கூடத்துல இருக்கு. உன் அத்தானோட நாற்காலி அதுக்கு ஒட்டினாப்ல இருக்கு. வேற என்னத்தைச் சொல்ல? ரத்தப் புற்று திரும்பி வந்துடுச்சுடா. போன வருஷம் கீமோ முடிஞ்சு எட்டு மாசம் கவுண்ட் ஒழுங்கா இருந்துச்சு. மனுஷன் வேலைக்கே போயிட்டார், ஏழு மாடி லிஃப்ட் ஒண்ணைத் தனியாளா ரிப்பேர் பண்ணிட்டு வந்து பெருமை அடிச்சுக்கிட்டார். இப்போ மறுபடியும் வெள்ளை அணு எகிறிப்போச்சு.

திரும்பி வந்தது அவருக்குத் தெரியும். டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னது தெரியாது. இனிமே கொடுக்கற கீமோ ரொம்பக் கடுமை, பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் கேக்கும்னார். வெளியே வந்து அவர்கிட்ட, "இன்னொரு கோர்ஸ் போட்டா சரியாயிடுமாம்"னு சொல்லிட்டேன்.

இதை டிரைவிங் ஸ்கூல் கார்ல உக்காந்து எழுதறேன். அடுத்து வர்ற ஆள் ஒரு வங்கி மேனேஜர். வளைவு வந்தா கண்ணை மூடிக்கறார். என் பக்கத்துல இன்னொரு பிரேக் இருக்கறதாலதான் ரெண்டு பேரும் உசிரோட இருக்கோம். நீ பதிலை ஸ்கூல் விலாசத்துக்கே போடு, வீட்டுக்கு வேணாம்.

ஒண்ணு கேக்கணும். நீ அங்க ரத்தப் புற்றுக்குத்தானே மருந்து தேடறே? முன்னே நீ சொன்னப்போ நான் காதுலயே வாங்கிக்கல. இப்போ ஒழுங்கா எழுது, என்னதான் பண்றேன்னு.

உன் அக்கா

-----

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. என் முதுகு வலி பற்றிக் கேட்கிறாயே, உனக்கு இருக்கிற பாட்டில் அதெல்லாம் ஒரு வலியா?

கேட்டாய், சொல்கிறேன். இங்கே மாடியில் வேதியியல்காரர்கள் புதிது புதிதாக ரசாயனங்கள் தயாரிக்கிறார்கள். உலகத்தில் அதுவரை இல்லாத பொருள்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொன்றும் சிறு குப்பியில் என்னிடம் வரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் புற்று அணுக்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். குழிக்கு ஒரு சொட்டு மருந்து விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற ஒரு பெட்டிக்குள் மூன்று நாள் வைப்பேன். பிறகு எடுத்து எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று எண்ணுவேன்.

கொல்வது பெரிய காரியமில்லை அக்கா. சோப்புத் தண்ணீர் விட்டாலும் சாகும். நல்ல அணுக்களை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்ல வேண்டும். அதனால் ஆரோக்கியமான ரத்த அணுக்களை வேறொரு தட்டில் வைத்து அதே மருந்தை விட்டுப் பார்ப்போம். இரண்டு வருஷத்தில் இருநூறு மருந்து பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை. எங்கள் பேராசிரியர், நாங்கள் 'பெரியவர்' என்போம், "இருநூறு இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டோமே, அதுவும் வேலைதான்" என்கிறார்.

அத்தானை நன்றாகச் சாப்பிடச் சொல். உனக்கும் அதையேதான் சொல்கிறேன்.

தம்பி

-----

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் சாப்பிடறேன், தூங்கறேன், எல்லாரையும் திட்டறேன். எப்பவும் போலத்தான்.

உன் கடிதத்தை, எனக்கு எழுதின முதல் நாலு வரியை மட்டும் விட்டுட்டு, அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன். தப்பா நினைச்சுக்காதே. ரொம்ப நாள் கழிச்சு நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தார். தொண்ணூத்தாறு குழின்னதும், "எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டா?"ன்னார். சரியா? அந்தப் பெட்டிக்கு எத்தனை வாட், கதவு ரப்பர் எப்படி இருக்கும்னு வேற கேள்வி. அவனை ஏன்டி இவ்வளவு நாள் பூச்சி பிடிக்கிறவன்னு சொன்னேன்னு என்னைக் கேக்கறார். சின்ன வயசுல வீட்டு வாசல்ல செருப்பையெல்லாம் ஒரே கோட்டுல அடுக்கி வைப்பியே, அந்தப் பைத்தியத்துக்குப் பொருத்தமான வேலைதான் கிடைச்சிருக்குன்னு சொன்னேன். சிரிச்சார்.

ஆஸ்பத்திரியில அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள பதில் சொல்லச் சொல்றாங்க. ஆறு வாரம் கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கணுமாம். யாரும் உள்ள போகக் கூடாது. தேதி தள்ளினா உடம்பு தாங்காது, அப்புறம் கேட்டாலும் கொடுக்க மாட்டோம்னு கறாரா சொல்லிட்டாங்க. அவர் வாயே திறக்க மாட்டேங்கறார்.

உங்க பெரியவர் சொன்ன மாதிரி, இல்லைங்கறதையும் தெரிஞ்சுக்கறதுதான் வேலையா? எனக்கு அப்படி மனசு வரல.

அக்கா

-----

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா, அத்தான்,

இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. தலைகால் புரியாமல் எழுதுகிறேன்.

இருநூற்றுப் பதினேழு என்று ஒரு மருந்து. முதல் தடவை பார்த்தபோது எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். அதை விட்ட மூன்று குழிகளிலும் புற்று அணுக்களில் பத்தில் ஒன்பது காலி. ஆரோக்கியமான அணுக்களின் தட்டில் அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை. திரும்பச் செய்தேன். அதேதான். நேற்று மூன்றாம் முறையும் அதேதான். பெரியவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். போகும்போது என் தோளைத் தட்டினார். இரண்டு வருஷத்தில் முதல் தட்டு.

தட்டிலிருந்து மனிதருக்கு வரப் பல வருஷங்கள் ஆகும். எலிக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வேறு வழியே இல்லாத நோயாளிகளுக்கு முன்கூட்டியே கொடுக்கச் சிறப்பு அனுமதி வாங்குவதும் உண்டு.

அத்தான், எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. சரியாகச் சொன்னீர்கள்.

தம்பி

-----

மார்ச் 8

என் ராசா,

நீ நல்லா இருக்கணும். உன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு.

ஸ்கூலுக்கு வந்த கடிதத்தைக் கார்ல பிரிச்சுப் படிச்சதும் பாடத்தைப் பாதியில விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மேனேஜர் நடு ரோட்டுல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சிருப்பார்னு நினைக்காதே, ஓரமா நிறுத்தச் சொல்லிட்டுத்தான் போனேன். அத்தானுக்கு முழுசா படிச்சேன். அந்த ஒரு வரியை, சிறப்பு அனுமதின்னு எழுதினியே, அதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார்.

முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர்கிட்ட இவரே பேசினார். கண்ணாடி ரூம் வேணாம், வீட்டுலயே மாத்திரை எடுத்துக்கறேன், என் மச்சான்கிட்ட ஒரு மருந்து தயாராகுது, அது வர்ற வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்னார். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் இவர் பக்கம்தான் பேசினேன். பத்துல ஒண்ணுக்காக ஆறு வாரம் அந்த ரூம்ல கிடந்து சாகறதுக்கு, நீ கொண்டு வர்றதுக்குக் காத்திருக்கலாம்னு எனக்கும் பட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்.

அத்தான் ஒரு கேள்வி கேக்கச் சொன்னார். அவர் பாஷையிலயே எழுதறேன். லிஃப்டுல மூணாவது மாடி பட்டன் வேலை செய்யலைன்னா, மூணாவது மாடி ரிலேவை, அதான் உள்ள இருக்கற மின் சுவிட்சை, கழட்டி நாலாவது மாடியில மாட்டிப் பாப்பாங்களாம். குத்தம் ரிலேவோட கூடப் போச்சுன்னா ரிலே கெட்டது. மூணாவது மாடியிலயே நின்னுச்சுன்னா ரிலேல ஒண்ணுமில்ல, இடத்துலதான் கோளாறு. "இருநூத்திப் பதினேழை மூணு தடவையும் ஒரே குழியிலதான் விட்டானா, இடம் மாத்திப் பாத்தானா?"ங்கறார். இருக்கற வேலை போதாதுன்னு உன் வேலையிலயும் மூக்கை நுழைக்கிறார். பெரிய மனசு பண்ணி ஒரு பதில் எழுதிடு.

அக்கா

-----

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நாலு வாரமாச்சு, ஒரு வரி கிடையாது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே. மருந்து வேலையில தலை நிமிர முடியலைன்னு அத்தான்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவர் தலையாட்டினார்.

அவருக்குப் பரவாயில்ல. நடமாட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. எழுது.

அக்கா

-----

ஏப்ரல் 14

அக்கா,

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதே. காரிலேயே படி.

அத்தானின் கேள்வி வந்த அன்றே இடம் மாற்றிப் பார்த்தேன். எதிர்பார்த்தெல்லாம் செய்யவில்லை, அவர் கேட்டதற்கு மரியாதையாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றுதான் செய்தேன். இருநூற்றுப் பதினேழை நடுக் குழிகளில் விட்டேன். அது எப்போதும் இருந்த மூலைக் குழிகளில் மருந்தே இல்லாத வெறும் திரவம் விட்டேன். மூன்று நாள் கழித்து எடுத்தால், மருந்து விட்ட நடுக் குழிகளில் புற்று அணுக்கள் ஜாம் ஜாமென்று நீந்துகின்றன. மருந்தில்லாத மூலைக் குழிகளில் எல்லாம் செத்துக் கிடக்கின்றன.

கோளாறு இடத்தில்தான். ஜனவரி கடைசியில் சூட்டுப் பெட்டியின் காற்றாடியை மாற்றினார்கள். புதியது வேகம் அதிகம். அந்தக் காற்று மேல் அடுக்கில் ஒரு மூலையில் நேராக அடிக்கிறது. குழியில் இருக்கிற திரவம் அதில் மெல்ல வற்றி, அணுக்கள் வறண்டு செத்திருக்கின்றன. ஆரோக்கியமான அணுக்களின் தட்டு கீழ் அடுக்கில், தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. மூன்று தடவையும் நான் தட்டை ஒரே அடுக்கில், ஒரே திசையில், ஒரே வரிசையில் வைத்தேன். செருப்பு அடுக்குகிற பைத்தியம் என்றாயே. அதேதான். கொஞ்சம் ஒழுங்கில்லாதவனாக இருந்திருந்தால் ஒரு தடவையாவது திருப்பி வைத்திருப்பேன், குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும்.

ஓரக் குழிகள் வறளும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற விஷயம். தெரிந்தவன்தான் நான். கண்டதும் மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன். மகிழ்ச்சி ஏன் என்று உனக்குத் தெரியும்.

பெரியவரிடம் சொன்னேன். "எழுதி வை, அடுத்ததைப் பார்" என்றார். அவருக்கு அது இன்னொரு எண். சிறப்பு அனுமதி என்று எழுதினேனே, அந்த ஒரு வரி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இருக்கவில்லை. இருநூற்றுப் பதினேழு உண்மையாக இருந்திருந்தாலும் சரியான நேரத்துக்கு அத்தானை எட்டியிருக்காது. எனக்கு அது தெரியும், தெரிந்தே எழுதினேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து என் வரியால் போட்டது. அதனால்தான் ஐந்து வாரம் பேனா எடுக்க முடியவில்லை. இப்போதாவது டாக்டரிடம் போங்கள். அத்தானிடம் நானே போனில் சொல்கிறேன். என்ன சொல்கிறாய்?

தம்பி

-----

ஏப்ரல் 23

தம்பி,

படிச்சேன். கார்லதான் படிச்சேன். அன்னிக்கு ரெண்டு பாடத்தை ரத்து பண்ணிட்டேன்.

டாக்டர்கிட்டயும் போனேன், தனியா. அந்தக் கீமோவை இப்போ இவர் உடம்பு தாங்காதாம். தேதி போச்சுன்னா போச்சுதானாம். அஞ்சு வாரத்தை நீ முழுங்கிட்டே. உன்னைத் திட்ட எனக்கு வாய் வரலை, அதனால திட்டலைன்னு நினைச்சுக்காதே.

அவர்கிட்ட சொல்லாதே. இதை மட்டும் எனக்காகச் செய். அவர் சாப்பிடறதே அந்த மருந்து வரும்கற நம்பிக்கையிலதான். சாயங்காலம் நான் வந்ததும் முதல் கேள்வி, "இருநூத்திப் பதினேழு எதுவரைக்கும் வந்திருக்கு?" நேத்து, எலிக்குக் கொடுக்கப் போறாங்களாம்னு சொன்னேன். பொய் சொல்ல வாய் கூசும்பாங்களே, எனக்குக் கூசவே இல்ல. சரளமா வருது. "எத்தனை எலி?"ன்னார். நாப்பதுன்னேன்.

இடம் மாத்திப் பாக்கச் சொன்ன கேள்விக்கு என்ன பதில்னு அவர் திரும்பக் கேக்கல. மறந்துட்டார்னு நினைக்கறேன். நீயா எடுத்து விடாதே.

முதுகைப் பாத்துக்கோ.

அக்கா

-----

மே 3

மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதறேன். கை நடுங்குது, எழுத்து கோணலா இருக்கும். நீ நலமா? உன் அக்கா வேலைக்குப் போயிருக்கற நேரம்.

கேள்வி கேட்டது நான். ரெண்டு மாசமா பதில் வரலைன்னா அது என்ன பதில்னு புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல. முப்பது வருஷம் லிஃப்டு கூட மல்லுக்கட்டியிருக்கேன். ஆனாலும் ஒரு மெக்கானிக்குக்குக் கோளாறு எங்கேன்னு தெரியணும். அதை மட்டும் எழுது.

நீ மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டுப் புழுங்குவே, தெரியும். அதனால இதையும் சொல்லிடறேன். ஜனவரியிலேயே நான் தனியா போய் டாக்டரைக் கேட்டுட்டேன். பத்துல ஒண்ணுன்னார். ஆறு வாரம் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், உன் அக்கா அந்தப் பக்கம் நின்னு கையாட்டறதா? முடியாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அதை நேரா சொன்னா உன் அக்கா விடுவாளா? இழுத்துக்கிட்டுப் போயிருப்பா. உன் இருநூத்திப் பதினேழு சமயத்துக்கு வந்துச்சு. அதைச் சாக்கா வெச்சுத் தப்பிச்சேன். உன்னால நான் கெடலை.

அவ அதை முழுசா நம்பிக்கிட்டு இருக்கா. எலி, நாப்பதுன்னு என்னென்னமோ சொல்றா. சமைக்கும்போது பாட்டு முணுமுணுக்கறா. தயவுசெஞ்சு அவகிட்ட உண்மையைச் சொல்லிடாதே. நான் போற வரைக்கும் அவ அப்படியே இருக்கட்டும்.

பதிலை என் ஒர்க்‌ஷாப் விலாசத்துக்குப் போடு, கூட வேலை பாக்கறவன் கொண்டு வந்து கொடுப்பான். என் கருவிப் பெட்டிக்குள்ள வெச்சுக்குவேன். கிரீஸ் அப்பிக்கும்னு உன் அக்கா அதைத் தொடவே மாட்டா.

அத்தான்

-----

மே 12

அன்புள்ள அத்தான்,

வணக்கம். உங்கள் எழுத்து கோணலாக இல்லை, நன்றாகவே இருந்தது.

கோளாறு இடத்தில்தான். காற்றாடியை மாற்றியிருக்கிறார்கள், அது மேல் அடுக்கின் மூலையில் அடிக்கிறது, மூலைக் குழிகள் வற்றிவிட்டன. மருந்தில் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்ட ஒரு கேள்வி எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் தட்டைத் திருப்பி வை என்று. எழுதியது பெரியவர். கேட்டது யார் என்று அவரிடம் சொன்னேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

என்னால் கெடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உண்மையோ, எனக்காகச் சொன்னதோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்காவிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டபடியே செய்கிறேன்.

தம்பி

-----

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கேன். அவர் கட்டிலோட கட்டிலா ஆயிட்டார். ரெண்டு நாளைக்கு ஒருதரம் ரத்தம் ஏத்தறாங்க. ஈறுல ரத்தம் வருது, பல் தேய்க்கப் பஞ்சுதான்.

எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சுடா. எலி முடிஞ்சு, நாய் முடிஞ்சு, அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல. அவரும் விடாம கேக்கறார். அவருக்குப் படிச்சுக் காட்டற மாதிரி நீ ஒரு கடிதம் எழுது. மருந்து நல்லபடியா போகுதுன்னு. உன் கையெழுத்தைப் பாத்தா நம்புவார். முடியாதுன்னு சொல்லாதே.

அக்கா

-----

ஜூன் 13

அன்புள்ள அக்கா, அத்தான்,

இங்கே நான் நலம். உங்கள் இருவரையும் நினைக்காத நாள் இல்லை.

இருநூற்றுப் பதினேழு நன்றாகப் போகிறது. விலங்குகளுக்குக் கொடுத்ததில் தீங்கு எதுவும் தெரியவில்லை. பெரியவர் அனுமதிக்கான விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறார். மாடியில் வேதியியல்காரர்கள் பெரிய குடுவையில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைத் தூள், கொஞ்சம் கசக்கும் என்கிறார்கள்.

அத்தான், தைரியமாக இருங்கள். அக்கா, நீயும்.

தம்பி

-----

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அத்தானின் காரியங்கள் முடிந்த கையோடு உன்னை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசே இல்லை. நான்கு நாள் உன்னோடு இருந்தும் உருப்படியாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று ரயிலில்தான் உறைத்தது. சாப்பிடுகிறாயா? வேலைக்குப் போக ஆரம்பித்தாயா?

இங்கே இருநூற்று அறுபத்திரண்டு வரை வந்துவிட்டோம். ஒன்றும் தேறவில்லை.

ஒரு சின்ன வேண்டுகோள். அத்தானின் கருவிப் பெட்டியை நினைவுக்காக நான் வைத்துக்கொள்ளலாமா? திறந்து சுத்தம் செய்கிற சிரமமெல்லாம் உனக்கு வேண்டாம், கிரீஸ் கையில் ஒட்டும். அப்படியே கட்டி அனுப்பிவிட்டால் போதும்.

தம்பி

-----

ஆகஸ்ட் 4

தம்பி,

நான் நல்லா இல்ல. நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை கேக்கப் போறதும் இல்ல.

திறக்காம அனுப்புன்னு எழுதினா நான் திறக்காம இருப்பேனா? இத்தனை வருஷமா என்னைத் தெரிஞ்சும் இவ்வளவு அசடா இருக்கியே. ஸ்பேனருக்கு அடியில, துணியில சுத்தி வெச்சிருந்தார். மே பன்னிரண்டு தேதி போட்ட உன் கடிதம். கூடவே, அவர் உனக்கு எழுதி, எழுத்து சரியில்லைன்னு ஒதுக்கி, கிழிக்காம வெச்சிருந்த இன்னொரு தாளும் இருந்துச்சு. அதுல, ஜனவரியிலேயே முடிவு பண்ணிட்டதுல ஆரம்பிச்சு, பாதி வரைக்கும் எழுதியிருக்கார். "அவ முழுசா நம்பிக்கிட்டு இருக்கா"ன்னு.

ஏப்ரல் பதினாலு நீ எனக்கு எழுதினது ஒரு கையில. மே பன்னிரண்டு அவருக்கு எழுதினது இன்னொரு கையில. சாப்பாட்டு மேஜையில ரெண்டையும் வெச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டுலயும் அதே காற்றாடி, அதே மூலை.

எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டு பேருக்கும் தெரியும்கறது உனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு.

நான் எலின்னு சொன்னப்போ எத்தனைன்னு கேட்டாரே, அது என் சந்தோஷத்துக்காகக் கேட்டிருக்கார். நான் பாட்டு முணுமுணுத்தது அவர் காதுல விழட்டும்னுதான். ஒரு நாளும் எனக்குப் பாட்டு வரலை, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாடினேன். உன் ஜூன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினப்போ, "கசக்கும்னு எழுதியிருக்கான், சர்க்கரை தயாரா வெச்சுக்கோ"ன்னார். சிரிச்சோம். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தா அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கறார்னு நினைச்சேன். என்ன தூக்கம் அது? எனக்கு இப்போ தெரியுது.

கடைசியா நினைவோட இருந்த அன்னிக்கு என் கையைப் பிடிச்சு, "மருந்து வந்துடும்ல?"ன்னார். "வந்துடும்"னேன். எங்க ரெண்டு பேருக்கும் கடைசிப் பேச்சு அதுதான். இருபத்தாறு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, ரெண்டு பேருமே நம்பாத ஒண்ணைச் சொல்லிக்கிட்டுப் பிரிஞ்சோம்.

மருந்து தப்பாப் போனதுக்கு உன்மேல எனக்குக் கோபம் இல்ல. அது தொழில். அஞ்சு வாரம் எழுதாம இருந்தியே, அதைக்கூட மன்னிச்சுட்டேன், அவர் முன்னாடியே முடிவு பண்ணிட்டாராமே. ஆனா மே மாசம் அவர் கடிதம் வந்ததும் நீ எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். "அக்கா, அத்தானுக்குத் தெரியும்." அவ்வளவுதான். ரெண்டு மாசம் இருந்துச்சுடா எங்களுக்கு. பயமா இருக்குன்னு அவர் என்கிட்ட சொல்லியிருப்பார். நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு நான் கேட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழுதிருப்போம். ரெண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாத்தறேன்னு நீ ஒழுங்கா இருந்தே. அதுலயும் ஒழுங்கு.

பெட்டியை அனுப்ப மாட்டேன்.

இதுக்குப் பதில் எழுதாதே. மன்னிப்புக் கேட்டு எதையாவது எழுதினே, படிக்காமலே கிழிச்சுப் போடுவேன். லீவு போட்டுட்டுக் கிளம்பி வா. கடிதத்துல கத்த முடியல, நீ எதிர்ல உக்காந்திருக்கணும். நான் உன்னை வாய் வலிக்கிற வரைக்கும் திட்டணும். அப்புறம் அழணும். அவரோட அழ வேண்டியதை இனிமே உன்னோடதான் அழ முடியும்.

உன் அக்கா